ஸ்லோ குக்கரில் மாட்டுக்கறி ரெண்டாங்: எட்டு மணி நேரம் பானையில், ஒரு மணி நேரம் வாணலியில்

ரெண்டாங்கில் குழம்பு இருக்காது. கறித்துண்டைக் கரண்டியில் எடுத்தால் மசாலா அதோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும், தட்டில் வழியக் கூடாது. இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் தேங்காய்ப்பாலில் மாட்டுக்கறி வேகும் வேலையை மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள். பால் இன்னும் தளதளவென்று இருக்கும்போது அதற்குப் பெயர் கூலாய். பாதி வற்றி, எண்ணெய் பிரிந்து, செம்பழுப்பாகக் கெட்டிப்பட்டால் காலியோ. அதையும் தாண்டி நீர் முழுக்கச் சுண்டி, பிரிந்த தேங்காயெண்ணெயிலேயே கறி வறுபட்டுக் கறுத்தால்தான் ரெண்டாங். வெளிநாட்டு உணவகங்களில் ரெண்டாங் என்று வருவதில் பெரும்பகுதி மேற்குச் சுமத்ராவின் தலைநகரான படாங் ஊர்க்காரர் கணக்கில் காலியோதான்.

ஸ்லோ குக்கருக்கும் ரெண்டாங்குக்கும் ஒத்துப்போகாத இடம் இதுதான். மூடிய பானையில் ஆவி மேலே போய், மூடியில் பட்டு நீராகி, மறுபடி உள்ளேயே சொட்டுகிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் நீர் குறையாது. கறி தன் சாற்றையும் விடுவதால் கூடத்தான் செய்யும். ஒரு கிலோ எலும்பில்லாக் கறி வெந்து முடிவதற்குள் சுமார் 300 மில்லி சாறு விடும். அதனால் அடுப்பில் செய்யும் முறையை அப்படியே பானையில் கொட்டினால் மாலையில் கிடைப்பது நீர்த்த கூலாய்தான். மூடியைத் திறந்து வைத்து வற்றவிடலாமே என்றால், 3.5 லிட்டர் குக்கரின் சக்தி ஏறக்குறைய 200 வாட். திறந்த பானையைக் கொதிநிலையில் வைத்திருக்கவே அது போதாது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கறியை மெதுவாக்குவது குக்கரின் பொறுப்பு. வற்றவைப்பதும் வறுப்பதும் வாணலியின் பொறுப்பு. "எல்லாவற்றையும் போட்டு மூடினால் போதும்" என்று சொல்லும் ரெண்டாங் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

எந்தக் கறி

நாள் முழுக்க வேகும் பானைக்குக் கொழுப்பும் சவ்வும் ஓடிய உழைத்த தசைதான் வேண்டும். முன்சப்பை எனப்படும் தோள்பகுதி முதல் தேர்வு. முன்னங்கால் தசை அதைவிடப் பிசுபிசுப்பான, ருசியான ரெண்டாங் தரும், ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கும். நெஞ்சுக்கறியும் நன்று. கடைக்காரர் "நல்ல சதை, சவ்வே இல்லை" என்று நீட்டும் தொடைக்கறியை வாங்காதீர்கள். சவ்வில் இருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் நின்றால்தான் ஜெலட்டினாக இளகும். அந்த வெப்பத்தில் தசைநார் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து தள்ளிவிடும். இளகிய ஜெலட்டின் நாருக்கு நடுவே நின்றுதான் கறியை ஈரமாகக் காட்டுகிறது. தொடைக்கறியில் இளகுவதற்கு அதிகம் இல்லை. அதனால்தான் அது சாற்றில் மூழ்கிக் கிடந்தும் வாயில் பஞ்சுபோல் உலர்ந்திருக்கும்.

மலேசியச் சந்தைகளில் பரவலாகக் கிடைக்கும் இந்திய உறைகறி எருமை இறைச்சி. கொழுப்பு குறைவு, நார் தடிப்பு. ரெண்டாங்குக்குக் குறைவில்லை, ஆனால் வேகும் நேரத்தோடு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துண்டு 5 சென்டிமீட்டர் கனசதுரமாக இருக்கட்டும். வீட்டுக் குழம்புக்குப் போடும் அளவில் வெட்டினால் வாணலியில் கிளறும்போது நாராகப் பிரிந்துவிடும். நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். கறியை முன்கூட்டி வறுத்துச் சிவக்கவைக்க வேண்டியதில்லை. மேற்கத்திய ஸ்டூ வகைகளுக்கு அது அவசியம், ஏனென்றால் பின்னால் சிவக்க வாய்ப்பே இல்லை. ரெண்டாங்கில் சிவப்பது கடைசிக் கட்டத்தில் நடக்கிறது. காலையில் ஒரு வேலை மிச்சம்.

அளவு

3.5 லிட்டர் குக்கருக்கு, ஐந்தாறு பேர் சாப்பிட:

மாட்டுக்கறி 1 கிலோ
காய்ந்த மிளகாய் 18 (12 காஷ்மீரி, 6 நீட்டு மிளகாய்)
சின்ன வெங்காயம் 200 கிராம், உரித்தது
பூண்டு 8 பல்
இஞ்சி 25 கிராம்
பச்சைப் பேரரத்தை 40 கிராம்
பச்சை மஞ்சள் 15 கிராம், அல்லது மஞ்சள்தூள் 1 டீஸ்பூன்
எலுமிச்சைப்புல் 4 தண்டு
மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, சோம்புத்தூள் 1 டீஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன்
பட்டை 5 சென்டிமீட்டர், அன்னாசிப்பூ 1, கிராம்பு 3, ஏலம் 3
லிமாவ் பூருட் இலை 6
மஞ்சள் இலை 1
அசாம் கெப்பிங் 2 துண்டு
இரண்டாம் தேங்காய்ப்பால் 150 மில்லி
முதல் தேங்காய்ப்பால் 400 மில்லி
துருவிய தேங்காய் 100 கிராம் (கெரிசிக் எனும் வறுத்திடித்த தேங்காய் விழுதுக்கு)
குலா மலாக்கா 20 கிராம்
உப்பு 2 டீஸ்பூன்
எண்ணெய் 80 மில்லி

இது மலாய்த் தீபகற்பத்துப் பாணி. பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு, ஏலம் நான்கையும் மலாய்ச் சமையலில் "நான்கு உடன்பிறப்புகள்" என்பார்கள். அடுப்பில் செய்யும்போது போடும் அளவில் பாதிதான் இங்கே கொடுத்திருக்கிறது. மூடிய பானையில் எட்டு மணி நேரம் ஊறும் கிராம்பும் அன்னாசிப்பூவும் விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை வெளியேற வழியில்லை. வழக்கமான அளவைப் போட்டால் பல்வலி மருந்து வாடை வரும்.

கிடைக்காத பொருள்களுக்கு

பேரரத்தைதான் மலாய்க்காரர் லெங்குவாஸ் என்பது. இஞ்சிபோல் தெரியும், ஆனால் தோல் வெளிறி, வளையம் வளையமாக இருக்கும். வாசனையில் பைன் மரமும் மிளகும் கலந்ததுபோல் ஒரு காரம். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் காய்ந்த சித்தரத்தையை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள். அது வேறு செடி, இருமல் கஷாய வாடைதான் வரும். பச்சையாகக் கிடைக்காவிட்டால் உறைந்த துண்டுகள் சரி. அதுவும் இல்லையென்றால் விட்டுவிட்டு இஞ்சியை 10 கிராம் கூட்டுங்கள்.

லிமாவ் பூருட் என்பது தாய்லாந்துச் சமையலிலும் வரும் இரட்டை இலை எலுமிச்சை. தமிழ்நாட்டில் கைக்கெட்டும் மாற்று, வேப்பிலைக்கட்டிக்குப் போடும் இளம் நாரத்தை இலை. அதே வாசனை அல்ல, ஆனால் அதன் பக்கத்து வீடு. காம்பும் நடு நரம்பும் நீக்கி நான்கு இலை போதும். மஞ்சள் இலைக்குப் பொங்கல் சமயம்தான் பொற்காலம். மஞ்சள் கொத்தை வாங்கிக் கிழங்கை மட்டும் வைத்துக்கொண்டு இலையைத் தூக்கிப்போடுகிறோம். கழுவித் துடைத்து, சுருட்டி, ஃப்ரீசரில் போட்டால் பல மாதம் கிடக்கும்.

அசாம் கெப்பிங் காய்ந்த புளிப்புப் பழத்துண்டு, நம் குடம்புளிக்கும் இலங்கையின் கொறுக்காய்க்கும் நெருங்கிய உறவு. கொறுக்காய் ஒரு சின்னத் துண்டைக் கழுவிப் போடுங்கள், புகைவாடை லேசாக வரும், தவறில்லை. புளிக்கரைசலும் போடலாம், ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். குலா மலாக்கா தென்னங்கருப்பட்டி. இலங்கையில் கித்துள், தமிழ்நாட்டில் பனங்கருப்பட்டி. வெல்லம் கடைசித் தேர்வு.

முந்தைய இரவு

மிளகாயின் விதையை உதறிவிட்டு வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது. எலுமிச்சைப்புல்லில் இரண்டு தண்டின் அடிப்பகுதி வெள்ளையை மட்டும் மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். மற்ற இரண்டையும் முழுசாக நசுக்கி முடிச்சுப் போட்டு வையுங்கள். பேரரத்தையையும் இதேபோல் நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்கினால்தான் மிக்ஸியில் மசியும். நீளவாக்கில் நறுக்கினால் அரைப்பு முழுக்கத் தேங்காய்நார்போல் நூல் நூலாக நிற்கும், எட்டு மணி நேரம் வெந்தாலும் அது போகாது.

மிளகாய், வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை, மஞ்சள், நறுக்கிய எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் நீர் விடாமல், எண்ணெயில் பாதியை ஊற்றி அரையுங்கள். இங்கே விடும் ஒவ்வொரு கரண்டி நீரையும் பிறகு வற்றவைக்கப்போவது நீங்கள்தான்.

அடுத்தது தாளிப்பு. மினாங்கபாவ் வழக்கத்தில் அரைப்பைத் தாளிக்காமல் பச்சையாகவே பாலில் போடுவார்கள். திறந்த சட்டியில் நான்கைந்து மணி நேரம் கொதிப்பதால் பச்சை வாடை போய்விடும். மூடிய குக்கரில் போகாது, வெங்காயம் கடைசிவரை பச்சையாகவே மணக்கும். ஆகவே மிச்ச எண்ணெயைச் சூடாக்கி, பட்டை வகையறாவைப் பொரியவிட்டு, அரைப்பைப் போட்டு மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம் வதக்குங்கள். மல்லி, சோம்பு, சீரகத் தூள்களைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். அரைப்பு ஒரு நிழல் கறுத்து, கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் சிவப்பெண்ணெய் கசிய வேண்டும். மலாயில் இதைப் "பெச்சா மின்யாக்" என்பார்கள், எண்ணெய் உடைவது என்று பொருள். நாம் சொல்லும் எண்ணெய் பிரிவதுதான்.

ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கறியையும் வெட்டித் தனியாக வையுங்கள். இரண்டையும் பீங்கான் பானையிலேயே போட்டுப் பானையோடு குளிர்பெட்டியில் வைப்பது வசதியாகத் தெரியும். செய்ய வேண்டாம். குளிர்ந்த தடித்த பானை சூடேறவே இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 5 முதல் 60 டிகிரிக்கு நடுவில் கறி கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் கிருமிக்குத்தான் லாபம். சில பானைகள் விரிசலும் விடும்.

கெரிசிக்கையும் இப்போதே முடித்துவிடலாம். துருவிய தேங்காயை எண்ணெய் விடாமல் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கைவிடாமல் வறுத்து, காப்பிக்கொட்டைக்கு ஒரு படி முந்தைய பழுப்புக்குக் கொண்டுவாருங்கள். சூடாக இருக்கும்போதே உரலில் இடித்தால் முதலில் பொடியாகும், பிறகு எண்ணெய் கக்கிப் பளபளப்பான விழுதாகும். தீயலுக்கு வறுத்தரைப்பதோடு நின்றுவிடாதீர்கள், கெரிசிக்குக்கு நீர் சேர்க்கக் கூடாது. மிக்ஸி என்றால் சிறிய ஜாரில், விட்டு விட்டு ஓட்டுங்கள். மூன்று நான்கு மேசைக்கரண்டி தேறும். ஒரு பக்கம் கருகியிருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி வறுங்கள். கருகிய தேங்காயின் கசப்பை எந்தக் கருப்பட்டியாலும் மறைக்க முடியாது.

காலையில்

உறைந்த கறியை நேரே பானையில் போடக் கூடாது. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க இளகியிருக்க வேண்டும்.

தாளித்த அரைப்பை இரண்டாம் பாலோடு ஒரு சட்டியில் கொதிவரச் சூடாக்குங்கள். பானை அடியில் முடிச்சுப் போட்ட எலுமிச்சைப்புல், அதன்மேல் கறி, அதன்மேல் சூடான அரைப்பு. லிமாவ் பூருட் இலையில் மூன்று, அசாம் கெப்பிங், உப்பில் ஒரு டீஸ்பூன் மட்டும். ஒருமுறை புரட்டிவிட்டு மூடுங்கள். "இவ்வளவு குறைவாக நீரா, அடிப்பிடிக்காதா?" என்று தோன்றும். பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் கறியே நீர் விடத் தொடங்கும், முடியும்போது துண்டுகள் ஏறக்குறைய மூழ்கியிருக்கும். பானை பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேற்படாமலும் இருக்கட்டும். 6 லிட்டர் பானையில் ஒரு கிலோ கறியைப் போட்டால் அடியில் பரந்து கிடந்து ஓரம் காய்ந்துபோகும். பெரிய குக்கர் என்றால் இரண்டு கிலோவாகச் செய்யுங்கள்.

முதல் பாலைக் காலையில் ஊற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சொதி வைக்கத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெட்டிப்பாலைக் கடைசியில்தான் சேர்ப்போம். எட்டு மணி நேரச் சூட்டிலும் புளிப்பிலும் கெட்டிப்பாலின் புரதம் திரிந்து மாவுபோல் குருணையாகிக் கறியில் ஒட்டிக்கொள்ளும். ரெண்டாங்கில் பால் உடையத்தான் வேண்டும், ஆனால் வாணலியில், கிளறிக்கொண்டிருக்கும்போது. இரண்டாம் பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, திரிந்தாலும் தெரியாது.

குறைந்த சூட்டில் முன்சப்பைக்கு 7 முதல் 8 மணி நேரம், முன்னங்கால் தசைக்கு 8 முதல் 9. அதிகச் சூட்டில் 4 முதல் 5. இரண்டு நிலையிலும் பானை கடைசியில் ஏறக்குறைய ஒரே வெப்பத்துக்குத்தான் வருகிறது. எவ்வளவு விரைவில் வருகிறது என்பதுதான் வித்தியாசம். நேரம் இருந்தால் குறைந்த சூடே மேல். முதல் மணி நேரம் மட்டும் அதிகத்தில் வைத்துவிட்டுக் குறைப்பது இன்னும் நல்லது.

மூடியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்து பார்த்தால் இழந்த சூட்டை மீட்க 20 நிமிடமாவது ஆகும். நாலு முறை எட்டிப் பார்த்தவருக்கு இரவுச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போகும்.

பழைய குக்கர், இரவல் குக்கர், புது ஊரில் புது மின்னழுத்தம் என்றால் முதலில் நீரை வைத்துச் சோதியுங்கள். பானையில் பாதிக்குமேல் நீர் ஊற்றி, குறைந்த சூட்டில் 8 மணி நேரம் விட்டு, திறந்த உடனே வெப்பமானியை விடுங்கள். 85 முதல் 93 டிகிரி காட்டினால் நன்று. குறைந்தால் அந்தக் குக்கரில் கறி சமைக்க வேண்டாம். கூடினால் கணக்கில் ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். மல்டி குக்கரில் ஸ்லோ குக் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். அவற்றில் பல அடியிலிருந்து மட்டும் சூடேற்றுபவை, குறைந்த நிலை என்பது சிலவற்றில் வெறும் வெதுவெதுப்புத்தான்.

மின்வெட்டு உள்ள ஊர்களுக்கு ஒரு சொல். திருகுகுமிழ் வைத்த குக்கர், மின்சாரம் திரும்பியதும் தானே தொடரும். எண்ணியல் பொத்தான் வைத்தவற்றில் பல அணைந்தே கிடக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது போனால் உடனே கறியை அடுப்புக்கு மாற்றி முடித்துவிடலாம். வெளியே இருந்தபோது எவ்வளவு நேரம் போயிருந்தது என்றே தெரியாவிட்டால், வெந்ததுபோல் தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ கறியின் விலை வலிக்கும்தான்.

மாலையில்: வாணலி

கறி தயாரா என்று முள்கரண்டியால் பாருங்கள். முள் எளிதாக உள்ளே போய், திருகினால் நார் அசைய வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. வீட்டில் "பூப்போல" வெந்த கறி பிடிக்கும் என்றாலும் இங்கே அதற்கு ஒரு படி முன்பே நிறுத்துங்கள். வாணலியில் இன்னும் வேகப்போகிறது. இழுத்தால் நார் நாராகப் பிரியும் அளவுக்கு வெந்துவிட்டால் ரெண்டாங் கையைவிட்டுப் போனது. அதைச் சுண்டவைத்து, உதிர்த்து, செருண்டிங் எனும் உலர்ந்த கறிப்பொடியாக மாற்றுவதுதான் மரியாதையான முடிவு.

துளையிட்ட கரண்டியால் கறியை மட்டும் ஒரு தட்டில் எடுத்து மூடி வையுங்கள். எலுமிச்சைப்புல், அன்னாசிப்பூ, பட்டை, அசாம் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பானையில் 700 மில்லி அளவுக்குக் கலங்கிய சாறு நிற்கும். இதை அகலமான, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத வாணலியில் ஊற்றி முழுத்தீயில் கொதிக்கவிடுங்கள். ஆழமான வாணலி நல்லது, பாதி வற்றியதும் எரிமலைபோல் தெறிக்கும். பீங்கான் பானையையே அடுப்பில் தூக்கி வைத்து நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், நேர்த்தீயில் அது வெடிக்கும்.

15 நிமிடத்தில் சாறு பாதியாகும். முதல் பால் 400 மில்லியையும் குலா மலாக்காவையும் சேர்த்து, தீயை மிதமாக்கி, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள். இன்னொரு 20 நிமிடத்தில் கொப்புளம் பெரிதாகும், ஓசை மாறும். நீர் கொதிக்கும் "கொதகொத" அடங்கி எண்ணெய் பொரியும் "சொரசொர" கேட்கத் தொடங்கும். காதை நம்புங்கள், நிறத்தைவிட அது துல்லியம். இது காலியோ நிலை. குழம்பாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் கறியைப் போட்டு, உப்புப் பார்த்து, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் நல்ல சாப்பாடுதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டிப் பால் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். தேங்காயும் நீரும் மட்டும் இருப்பதை எடுங்கள். நிலைப்படுத்திகள் சேர்த்த பால் பிரியாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. அரை மணி நேரம் கிளறினாலும் எண்ணெய் வெளியே வராது, மசாலா மெழுகுபோல் ஒட்டிக்கொண்டே நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை நீங்களாகவே ஊற்றுங்கள்.

இப்போது கெரிசிக்கைப் போட்டுக் கலந்து, கறியைச் சேருங்கள். தீயைக் குறையுங்கள். இனிக் கிளறக் கூடாது, புரட்டத்தான் வேண்டும். தட்டையான கரண்டியை அடியில் விட்டு, துண்டுகளைத் தூக்கித் திருப்பிப் போடுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. கருப்பட்டியும் தேங்காயும் சேர்ந்திருப்பதால் அடிப்பிடிக்கும் வேகம் இங்கே அதிகம். அடியில் பழுப்பாக ஒட்டுவதைச் சுரண்டி மேலே சேருங்கள், நிறமும் ருசியும் அதுதான். கறுப்பாக ஒட்டினால் அதைத் தொடாமல் வேறு சட்டிக்கு மாற்றுங்கள்.

பத்து நிமிடம் கழித்து மிச்ச மூன்று லிமாவ் பூருட் இலையையும் மஞ்சள் இலையையும் முடிபோல் மெல்லியதாக நறுக்கித் தூவுங்கள். காலையில் போட்ட இலையின் வாசனை மாலைக்குள் அடங்கிப்போயிருக்கும், மூக்கைத் தொடும் வாசனை இந்த இரண்டாம் தவணையில்தான் வருகிறது. மஞ்சள் இலை ஒன்றுக்கு மேல் போட்டால் கசப்புத் தலைகாட்டும். இன்னும் ஐந்து முதல் பத்து நிமிடம். மசாலா கறியைப் போர்த்தி, வாணலியைச் சாய்த்தால் ஓரத்தில் எண்ணெய் மட்டும் ஓட வேண்டும். உப்பை இப்போதுதான் முடிவுசெய்யுங்கள். காலையில் இரண்டு டீஸ்பூனையும் போட்டிருந்தால் வற்றியபின் வாயில் வைக்க முடியாது. அடுப்பை அணைத்து, பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள்.

மாற்றி மாற்றிச் செய்ய

மினாங்கபாவ் பாணி வேண்டுமென்றால் கெரிசிக்கும் கருப்பட்டியும் கிடையாது. முதல் பாலை 700 மில்லியாக்கி, வாணலி நேரத்தை இன்னும் 40 நிமிடம் நீட்டுங்கள். கறுப்பு நிறமும் இனிப்பும் பாலிலிருந்தே வரும். கூடவே குட்டி உருளைக்கிழங்கு போடுவதும் உண்டு, அதைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்து வாணலியில் சேருங்கள். சிவப்பு ராஜ்மாவும் சிலர் போடுவார்கள். எச்சரிக்கை: பச்சை ராஜ்மாவை நேரே ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு, குக்கரின் சூட்டில் முறியாது. ஊறவைத்து, நீரை மாற்றி, அடுப்பில் 10 நிமிடமாவது குதித்துக் கொதித்தபிறகே குக்கருக்குப் போக வேண்டும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் மினாங்கபாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் ரெண்டாங் மஞ்சளாக இருக்கும். காய்ந்த மிளகாய்க்குப் பதில் ஊசிமிளகாய், மஞ்சள் கூடுதல், பட்டை வகையறா இல்லை. 20 ஊசிமிளகாய் என்று எழுதினால் அடிக்க வருவீர்கள். 8 போட்டுப் பாருங்கள், அதுவே போதும்.

மாட்டுக்கறி சாப்பிடாத வீடுகளில் ஆட்டுத் தொடை. எலும்போடு 1.2 கிலோ, குறைந்த சூட்டில் 6 மணி நேரம், மற்றதெல்லாம் அப்படியே. கோழிக்கு ஸ்லோ குக்கரே தேவையில்லை, வாணலியில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சாப்பிடவும் வைக்கவும்

வெள்ளைச்சோறு போதும். பெருநாள் மேசையில் ஓலைக்கூட்டில் அரிசியை அடைத்து வேகவைத்த கெத்துப்பாட்டும், ஒட்டரிசியை மூங்கிலில் சுட்ட லெமாங்கும் வரும். சோற்றைக் குழைய வடித்து, தட்டில் அழுத்தி, எடை வைத்து ஆறவைத்து வெட்டினால் நாசி இம்பிட். பக்கத்தில் எண்ணெயில்லாத ஒன்று அவசியம்: வெள்ளரி, சின்ன வெங்காயம், வினிகர், ஒரு சிட்டிகைச் சர்க்கரை. தயிர் வேண்டாம், தேங்காயோடு சேர்ந்து நாக்கில் படிந்துவிடும்.

மறுநாள் ருசி கூடும், ஆகவே விருந்துக்கு ஒரு நாள் முன்பே செய்வது புத்திசாலித்தனம். ரெண்டாங் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் கிடக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர்விட்டு ஊர் போகும் மினாங்கபாவ் ஆண்களின் கட்டுச்சோறு அதுதான், உண்மை. ஆனால் அது மணிக்கணக்கில் திறந்த சட்டியில் வறண்ட ரெண்டாங். குக்கரில் வெந்த கறியின் உள்ளே ஈரம் அதிகம். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான பெட்டியில் பரப்பிக் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். சூடாக்க வாணலியில் ஒரு கரண்டி நீர் தெளித்து, மூடி, சிறு தீ. ஸ்லோ குக்கரில் சூடாக்காதீர்கள், ஆறிய கறி அதில் சூடேறுவதற்குள் கெட்டுவிடலாம்.

தீர்ந்தபின் வாணலி ஓரத்தில் ஒட்டியிருக்கும் மசாலாவில் ஒரு கரண்டி சுடுசோறு போட்டுப் பிரட்டுங்கள். அதை விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டியதில்லை.